சிகிச்சை அறைக்குள் ஒரு விளையாட்டுத் திரை

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் உளவியல் ஆலோசகரிடம் அழைத்துவருவதாக வைத்துக்கொள்வோம். சில மாதங்களாகவே அவன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். உணவில் நாட்டமில்லை. நண்பர்கள் அழைத்தாலும் பேசுவதில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் விளையாட்டு. தாய் இவற்றையெல்லாம் கண் கலங்கச் சொல்லி முடித்ததும் ஆலோசகர் சிறுவன் பக்கம் திரும்புகிறார்.

"பள்ளிக்கூடம் போக ஏன் தம்பி பிடிக்கலை?"

"தெரியல."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

முக்கால் மணி நேரம் இவ்வாறே கழியக்கூடும். உளச்சிகிச்சை பெரும்பாலும் பேச்சை நம்பி நிற்பது. தன் மனத்தில் நிகழ்வதைக் கவனித்து அதற்குச் சொற்கள் தேடத் தெரிந்தவருக்கே அது எளிதில் பயன்தரும். பதின்ம வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் இன்னும் கைவந்திருப்பதில்லை. கைவந்திருந்தாலும், பெற்றோர் கட்டணம் கொடுத்து ஏற்பாடு செய்த ஓர் அந்நியரிடம் அவற்றைச் சொல்ல அவனுக்கு மனம் வருவதில்லை. இந்நிலையில் சில ஆலோசகர்கள் வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர்: "நீ விளையாடற கேமை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தர்றியா?"

அருகிலிருக்கும் பெற்றோருக்கு இது திகைப்பாக இருக்கும். எதனால் பிள்ளை கெட்டான் என்று அவர்கள் நம்புகிறார்களோ, அதையே மருத்துவர் கையில் எடுக்கிறார். ஆயினும் இம்முறைக்கு முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் உண்மையான வெற்றிகள் இருக்கின்றன. மிகைப்படுத்தப்பட்ட வாக்குறுதிகளும் இருக்கின்றன. குடும்பத்தில் இத்தகைய சிக்கலை எதிர்கொள்வோர் இரண்டையும் பிரித்தறிவது நல்லது.

மணல் தட்டிலிருந்து மாரியோ வரை

குழந்தையின் மனத்தை விளையாட்டின் வழியே அறிய முயல்வது உளவியலில் பழைய வழக்கம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட், மணல் நிரம்பிய தட்டையும் சிறு பொம்மைகளையும் குழந்தைகளிடம் கொடுத்து, அவர்கள் அமைக்கும் உலகங்களைக் கவனித்தார். பொம்மை வீடு, களிமண், வண்ணம் ஆகியவை குழந்தைகளுக்கான சிகிச்சை அறைகளில் இடம்பெற்றது இவ்வழியேதான். 1980களில் குழந்தைகளின் கைக்கு நிண்டெண்டோ கருவி வந்தபோது, அதுவும் அவ்வறைக்குள் நுழைந்ததில் வியப்பில்லை.

1991இல் ஜேம்ஸ் கார்ட்னர் என்னும் அமெரிக்க உளச்சிகிச்சையாளர், மாரியோ விளையாட்டு குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவுமா என்ற வினாவையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தம்மிடம் வந்த சிறார்களோடு அவர் அமர்ந்து விளையாடினார். மற்ற வழிகளில் நெருங்க முடியாத குழந்தைகளோடும் இதனால் விரைவில் நல்லுறவு உண்டாயிற்று என்று அவர் எழுதினார். விளையாடும்போது குழந்தை சிக்கலை எப்படி அணுகுகிறது, முன்பின் யோசிக்கிறதா, தோல்வியை எப்படித் தாங்குகிறது என்பனவற்றை நேரில் காணவும் முடிந்தது.

இந்த இரண்டாவது பயனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிட விளையாட்டில் ஒரு பிள்ளை பலமுறை தோற்கிறான். ஒவ்வொரு தோல்வியின்போதும் அவன் செய்வது ஆலோசகருக்கு ஒரு செய்தி. கருவியை வீசுகிறானா, விளையாட்டையே குறை சொல்கிறானா, "எனக்கு எதுவுமே வராது" என்று முணுமுணுக்கிறானா, உதவி கேட்கிறானா, குறுக்குவழி தேடுகிறானா, அல்லது வாய் பேசாமல் மறுபடியும் தொடங்குகிறானா? பள்ளியிலும் வீட்டிலும் அவன் தோல்வியை எதிர்கொள்ளும் முறை இங்கே சிறிய அளவில் கண்முன் நிகழ்கிறது. "இந்தப் பாலத்துல ஏழு தடவை விழுந்தும் நீ விடலையே, கணக்குப் பரீட்சைன்னா மட்டும் ஏன் முதல் தடவையே விட்டுடறே?" என்று ஆலோசகர் கேட்கும்போது, அக்கேள்விக்கு அவனிடம் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. "உன் பிரச்சினை என்ன?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

உட்காரும் முறைக்கும் இதில் பங்குண்டு. நேருக்கு நேர் முகம் பார்த்து அமர்வது விசாரணையை நினைவூட்டும். திரையை நோக்கி இருவர் பக்கவாட்டில் அமர்ந்தால் பேச்சு தானாக வரும். நம் வீடுகளில் அவரைக்காய் ஆய்ந்தபடியும் பூத் தொடுத்தபடியும் பெண்கள் தம் மனக்குறைகளைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையும் கண்ணும் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும்போது நா தயக்கத்தை இழக்கிறது.

நியூசிலாந்தின் சோதனை

கடையில் வாங்கிய விளையாட்டைச் சிகிச்சையாளர் தம் திறமையால் பயன்படுத்துவது ஒரு வகை. சிகிச்சையையே விளையாட்டாக வடிவமைப்பது மற்றொரு வகை. பின்னதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நியூசிலாந்திலிருந்து வந்தது.

அந்நாட்டில் மனச்சோர்வுக்கு ஆளாகும் இளையோரில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாமலே இருந்தனர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் குழந்தை மனநல மருத்துவர் சாலி மெரி தலைமையிலான குழு, 'ஸ்பார்க்ஸ்' என்னும் கணினி விளையாட்டை உருவாக்கியது. அதை வடிவமைத்தது, மாவோரி இனத்தவரான மாரு நிஹோனிஹோவின் மெட்டியா இன்டராக்டிவ் என்னும் சிறு நிறுவனம். அதனால் விளையாட்டின் காட்சிகளிலும் மாவோரிப் பண்பாட்டின் சாயல் உண்டு.

எதிர்மறை எண்ணங்கள் நாட்டைச் சூழ்ந்துகொண்டதால் சமநிலை குலைந்த ஒரு கற்பனை உலகம் அது. விளையாடுபவர் தமக்கென ஒரு பாத்திரத்தைத் தேர்ந்து, ஏழு மாகாணங்களைக் கடந்து அந்தச் சமநிலையை மீட்க வேண்டும். குகை, பனிநிலம், எரிமலை, மலை, சதுப்பு நிலம், பாலங்கள், பள்ளத்தாக்கு என்று ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. பனிநிலத்தில், மனம் சோர்ந்தாலும் உடலை இயங்கச் செய்வது எப்படி என்று கற்கிறார்கள். எரிமலையில் கோபம் முதலிய கடும் உணர்ச்சிகளைக் கையாளுதல். மலையில் சிக்கல்களைப் படிப்படியாகத் தீர்த்தல். சதுப்பு நிலத்தில் கொசுவைப் போன்ற பூச்சிகள் பறந்துவந்து தாக்குகின்றன. "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்பது போன்ற, தாமாகவே மனத்தில் எழும் இருண்ட எண்ணங்களே அப்பூச்சிகள். அவற்றை இன்ன வகை என்று அடையாளம் காண்பதே அங்கு வேலை. அடுத்த மாகாணத்தில் அவற்றோடு வாதிட்டு வெல்ல வேண்டும்.

உளவியல் அறிந்தவர்கள் இவற்றை உடனே இனங்கண்டுகொள்வர். எண்ணங்களையும் செயல்களையும் மாற்றுவதன் மூலம் உணர்ச்சிகளைச் சீர்செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பாடத்திட்டம் இது. மருத்துவமனை அறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கொட்டாவி வரும். அதையே பூச்சியாக்கிப் பறக்கவிட்டால் அவள் துரத்துகிறாள். ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வழிகாட்டிப் பாத்திரம் நேராக அவளிடம் பேசுகிறது. இன்று கற்றதை உன் வீட்டில், உன் பள்ளியில் எங்கே பயன்படுத்துவாய் என்று கேட்கிறது; அடுத்த கட்டத்துக்கு முன் செய்து பார்க்க வேண்டிய பணியையும் தருகிறது. என் கருத்தில், இதன் உயிர் அந்த வழிகாட்டியிடம்தான் இருக்கிறது. விளையாட்டில் பெற்ற திறன் விளையாட்டிலேயே தங்கிவிடுவதுதான் இயல்பு. அதை வாழ்க்கைக்குள் கொண்டுவர ஒருவர் வேண்டும்.

12 முதல் 19 வயது வரையிலான 187 பேரைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒரு பிரிவினர் விளையாட்டை ஆடினர். மற்றப் பிரிவினர் வழக்கமான சிகிச்சையை, அதாவது பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆலோசகருடன் நேரில் உரையாடும் சிகிச்சையைப் பெற்றனர். 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. விளையாட்டு, நேரில் பெறும் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்று தெரியவந்தது. மனச்சோர்வு நீங்கியவர்களின் விழுக்காடு விளையாட்டுப் பிரிவில் 43.7, மற்றப் பிரிவில் 26.4.

இந்த எண்களைக் கண்டு உற்சாகம் கொள்வது இயற்கை. அரசும் உற்சாகம் கொண்டு, 2014இல் நாடு முழுதும் இளையோருக்கு இதை இணையத்தில் இலவசமாக வழங்கியது. அப்போதுதான் மறுபக்கம் தெரிந்தது. ஆய்வின்போது பங்கேற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூவர் ஏழு கட்டங்களையும் முடித்திருந்தனர். பொதுவெளியில் தாமாகப் பதிவுசெய்துகொண்டவர்களிலோ மிகப் பலர் முதல் ஓரிரு கட்டங்களோடு நின்றுவிட்டனர். ஆய்வில் அழைத்து விசாரிக்க ஆள் இருந்தார், "இந்த வாரம் எந்தக் கட்டம்?" என்று கேட்டார். வீட்டில் தனியே இருக்கும் பிள்ளையிடம் அப்படிக் கேட்க எவருமில்லை. மருந்துச்சீட்டை எழுதிக் கொடுப்பதற்கும், மருந்தை வேளாவேளைக்கு எடுத்துக்கொள்ளச் செய்வதற்கும் உள்ள தூரம் இது.

சுவிட்சர்லாந்தில் சூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெரோனிகா பிரெசின்கா, இந்த ஆபத்தைத் தவிர்க்கும் வகையில் தம் விளையாட்டை வடிவமைத்தார். 2008இல் வெளியான 'புதையல் வேட்டை'யில், பழைய கப்பல் ஒன்றின் தலைவனுக்குப் புதையல் வரைபடம் கிடைக்கிறது. அதைப் படித்தறியக் குழந்தை உதவ வேண்டும். உதவும் வழியில் எண்ணம், உணர்வு, செயல் மூன்றுக்குமுள்ள தொடர்பைக் குழந்தை கற்கிறது. இதைச் சிகிச்சையாளரின் துணையோடுதான் ஆட வேண்டும். இறுதியில் குழந்தை கற்றவற்றைத் தொகுத்துச் சொல்லும் மாலுமிச் சான்றிதழ் ஒன்று வழங்கப்படுகிறது. அதில் கப்பல் தலைவனும் சிகிச்சையாளரும் கையொப்பமிடுவர்.

விழும் கட்டைகளும் விலகும் காட்சிகளும்

இதுவரை கண்டவற்றில் விளையாட்டின் கதையே பாடம். கதையோ பாடமோ இல்லாத ஒரு விளையாட்டும் மனக்காயத்துக்கு உதவக்கூடும் என்று காட்டியது ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் குழுவினரின் ஆய்வு.

1984இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸை அறியாதவர் குறைவு. மேலிருந்து விழும் வடிவங்களைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கும் மன அதிர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்குப் பிந்தைய நாள்களில் அந்தக் காட்சி அழைக்காமலே கண்முன் வந்து நிற்கும். எதிரே வரும் லாரியின் விளக்கு, கண்ணாடி நொறுங்கும் கணம். கடும் அதிர்ச்சிக்குப் பின் தோன்றும் மனநோயின் முதன்மையான துன்பம் இதுவே. அதிர்ச்சியான நினைவு மூளையில் உறுதிப்படச் சில மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில், காட்சிகளைக் கையாளும் மனத்தின் பகுதிக்கு வேறொரு காட்சி வேலையைக் கொடுத்தால் என்னவாகும் என்று ஹோம்ஸ் குழு வினவியது. ஒரே சமயத்தில் இரு பெரும் காட்சிகளை ஏந்த மனத்துக்கு இடம் போதாது. வடிவங்களை மனத்துக்குள் சுழற்றிப் பார்த்தபடி இருந்தால், விபத்தின் காட்சி அத்தனை ஆழமாகப் பதியாது என்பது அவர்கள் கருதுகோள்.

2009இல் வெளியான முதல் ஆய்வில் 40 தன்னார்வலர்கள் கோரமான காட்சிகள் கொண்ட படத்தைப் பார்த்தனர். அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேர் பத்து நிமிடம் டெட்ரிஸ் ஆடினர். மற்றவர்கள் சும்மா இருந்தனர். அடுத்த ஒரு வாரத்தில், ஆடியவர்களுக்கு அழையாமல் வந்த காட்சிகள் குறைவு. அதே சமயம் படத்தில் நிகழ்ந்தது என்ன என்று கேட்டபோது அவர்கள் சரியாகவே விடையளித்தனர். நினைவு அழியவில்லை, அதன் அத்துமீறல் மட்டுமே குறைந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

மனத்தை வேறெதிலாவது ஈடுபடுத்தினால் போதாதா, டெட்ரிஸ்தான் வேண்டுமா என்று கேட்கலாம். அடுத்த ஆண்டு அதையும் சோதித்தனர். ஒரு பிரிவினருக்குச் சொற்களை அடிப்படையாகக் கொண்ட பொது அறிவு வினாடிவினா கொடுக்கப்பட்டது. அவர்களுக்குக் காட்சிகள் குறையவில்லை. எதுவும் செய்யாதவர்களைவிடக் கூடுதலாகவே வந்தன. கவனத்தைத் திசைதிருப்பினால் போதும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நல்ல பாடம். எந்த விளையாட்டு, எந்தத் துன்பத்துக்கு, எந்த நேரத்தில் என்பவையே பயனைத் தீர்மானிக்கின்றன.

பிறகு ஆய்வு, கூடத்தைவிட்டு மருத்துவமனைக்குச் சென்றது. ஆக்ஸ்ஃபோர்டு ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சாலை விபத்தில் காயமுற்று வந்த 71 பேர் பங்கேற்றனர். விபத்து நேர்ந்த ஆறு மணி நேரத்துக்குள், ஒரு பிரிவினர் விபத்தின் மோசமான கணத்தைச் சுருக்கமாக நினைவுகூர்ந்த பின் டெட்ரிஸ் ஆடினர். 2017இல் வெளியான முடிவின்படி, முதல் வாரத்தில் அவர்களுக்கு வந்த அழையாக் காட்சிகள் மற்றவர்களைவிட 62 விழுக்காடு குறைவு. இது முதல் வாரத்துக் கணக்கு என்பதை மறக்கலாகாது. நோய் வராமல் தடுத்துவிட்டோம் என்று ஆய்வாளர்கள் அறிவிக்கவில்லை. ஆயினும் விபத்துக்குப் பின் ஒரு வாரம் கண்ணை மூட அஞ்சிக் கிடந்தவர்களுக்கு, அந்த வாரத்தின் மதிப்பு தெரியும்.

சியாட்டில் நகரில் தீக்காய நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் வேளையில் தரப்படும் 'பனி உலகம்' விளையாட்டும் கவனத்தின் எல்லையையே பயன்படுத்துகிறது. ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பாட்டர்சனும் உருவாக்கிய இதில், தலையில் மாட்டிய கருவிக்குள் பனிப் பள்ளத்தாக்கு விரிகிறது. நோயாளி பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிகிறார். காயத்தின் வலியைக் கவனிக்க மனத்தில் மிஞ்சும் இடம் குறைகிறது.

அச்சத்தை எதிர்கொள்ளப் பழக்குவதிலும் இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன. உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களைக் கணினி காட்டும் பாலங்களிலும் கண்ணாடி மின்தூக்கியிலும் படிப்படியாக நிறுத்திப் பயன் கண்ட பார்பரா ராத்பாம் குழுவின் ஆய்வு 1995இல் வந்தது. ஈராக்கிலிருந்து திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களுக்காக ஆல்பர்ட் ரிஸ்ஸோ குழு அமைத்த சிகிச்சை உலகம், 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்னும் போர் விளையாட்டின் காட்சிகளைக் கொண்டே தொடங்கியது. அங்கே எந்த நேரத்தில் வெடியோசை கேட்க வேண்டும், எவ்வளவு புகை எழ வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் தம் கையிலுள்ள பலகையால் கட்டுப்படுத்துகிறார். பிரிட்டனில் டேனியல் ஃப்ரீமன் குழு, தீவிர மனநோயால் வீட்டைவிட்டு வெளியேற அஞ்சும் 346 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. அவர்கள் பழகிய இடங்கள் காப்பிக் கடை, பேருந்து, மருத்துவரின் காத்திருப்பு அறை ஆகியவை. மிகக் கடுமையான அச்சம் கொண்டிருந்தவர்களே மிகுதியான பயன் பெற்றனர்.

மருந்துச்சீட்டில் எழுதப்பட்ட விளையாட்டு

2020 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருத்துவர் சீட்டின்பேரில் வழங்கத்தக்க முதல் வீடியோ விளையாட்டுக்கு அனுமதி அளித்தது. 'எண்டெவர் ஆர்எக்ஸ்' என்னும் அது, அப்போது கவனக்குறைபாடும் மிகை இயக்கமும் கொண்ட 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கானதாக இருந்தது. செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆய்வறிக்கையைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு உற்சாகம் சற்றுக் குறைந்தது. 348 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கணினியில் அளந்த கவனத் திறன் உண்மையிலேயே உயர்ந்திருந்தது. ஆனால் வீட்டில் நோய்க்குறிகள் குறைந்தனவா என்று பெற்றோர் அளித்த மதிப்பீட்டில், இதை ஆடிய குழந்தைகளுக்கும் வேறொரு சாதாரணச் சொல் விளையாட்டை ஆடிய குழந்தைகளுக்கும் வேறுபாடு தென்படவில்லை. திரையில் முன்னேற்றம், சாப்பாட்டு மேசையில் பழைய கதை.

முதலீட்டில் ஆர்வமுள்ள வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த நிறுவனம் 2022இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2024இல் ஏறத்தாழ 3.4 கோடி டாலருக்கு வேறொரு நிறுவனத்திடம் கைமாறியது. அரசின் அனுமதி கிடைத்தது என்பதால் மருத்துவர்கள் எழுதுவார்கள் என்றோ, காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தரும் என்றோ பொருளில்லை.

"மூளைக்குப் பயிற்சி", "மன அழுத்தத்திலிருந்து விடுதலை" என்ற விளம்பரங்களோடு நம் கைப்பேசிகளில் வந்து குவியும் செயலிகளில் பெரும்பாலானவை, மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் உட்பட்டவையல்ல. மாதச் சந்தா கட்டுமுன் அதை எவர் சோதித்தார், எந்த நோய்க்கு, எதோடு ஒப்பிட்டு என்று கேட்பது, வைப்புத்தொகைக்கு வட்டி விகிதம் கேட்பதைப் போன்ற சாதாரண முன்னெச்சரிக்கைதான்.

அடிமைத்தனம் என்னும் மறுபக்கம்

பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றதன்று. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. அதன் அடையாளங்கள் மூன்று. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு இழத்தல். வாழ்க்கையின் பிற அக்கறைகள் அனைத்துக்கும் மேலாக விளையாட்டை வைத்தல். தீங்கு கண்கூடாகத் தெரிந்த பின்னும் தொடர்தல். பொதுவாக ஓராண்டுக் காலம் இந்நிலை நீடித்து, படிப்பையோ தொழிலையோ குடும்பத்தையோ கடுமையாகப் பாதித்தால்தான் அது நோய். விடுமுறையில் நான்கு மணி நேரம் விளையாடும் பிள்ளை நோயாளியல்லன். பெங்களூரு தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், இத்தகையோருக்காக 2014இலேயே தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது.

பிள்ளை நாள் முழுதும் விளையாட்டில் மூழ்கியிருப்பது சில வேளைகளில் நோயாக இல்லாமல் அதன் அறிகுறியாக இருக்கும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் சிறுவன், தான் மதிக்கப்படும் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்கிறான். அக்கருவியைப் பிடுங்கிப் பூட்டி வைத்தால் கேலி நிற்பதில்லை. ஒதுங்க இருந்த இடம் மட்டும் பறிபோகிறது. நல்ல ஆலோசகர் அந்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார். மாறாக, உண்மையிலேயே அடிமைத்தனத்துக்கு ஆளான பிள்ளைக்கு விளையாட்டையே சிகிச்சைக் கருவியாக்குவது பொருத்தமற்றது. இவ்விரண்டில் எது என்று முடிவுசெய்வது பயிற்சி பெற்றவரின் பணி.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் வேறு இனம். நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் அவற்றைத் தடைசெய்கிறது. அவற்றுக்கான பணப் பரிவர்த்தனைகளை வங்கிகள் நடத்தித் தருவதும் விலக்கப்பட்டுள்ளது. எந்த உளச்சிகிச்சையாளரும் அவற்றைப் பரிந்துரைக்கமாட்டார். பணமில்லா விளையாட்டுகளிலும் கூடுதல் ஆயுதம், புதிய உடை என்று காசு கேட்கும் இடங்கள் பல உண்டு. பிள்ளையின் கைப்பேசியில் உங்கள் அட்டையின் விவரங்கள் சேமிக்கப்பட்டிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.

நம் நாட்டில்

நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் அளவு, நோய்க்கு நோய் மாறுபட்டு, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஸ்பார்க்ஸ் போன்ற ஒன்று நம் மொழிகளில் வந்தால் எத்தனை பேரைச் சென்றடையும் என்ற ஆசை எழுவது இயல்பே. மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. நம் பிள்ளையின் மனத்தில் பறக்கும் பூச்சி, "மாமா பையன் வாங்கிய மதிப்பெண்" என்றுதான் ரீங்கரிக்கும். அதை அறிந்தவர்கள் எழுத வேண்டும், பிள்ளையிடம் வாரந்தோறும் "எந்தக் கட்டம்?" என்று கேட்க ஓர் ஆசிரியரோ செவிலியரோ பழக்கப்பட வேண்டும்.

இப்போதைக்கு, பிள்ளையின் சிகிச்சையில் விளையாட்டைப் பயன்படுத்துவதாக ஓர் ஆலோசகர் கூறினால் பெற்றோர் தயங்காமல் சிலவற்றைக் கேட்கலாம். எந்த விளையாட்டு, எதற்காக, எத்தனை வாரம், முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? விளையாட்டு வேளையில் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? இவற்றுக்குத் தெளிவான விடை தருபவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு வழங்கப்படும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. ஆயினும் பல காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை சென்றுவரும் ஆலோசனைக்குப் புறநோயாளிப் பிரிவுச் செலவையும் ஏற்கும் திட்டம் வேண்டும். உங்கள் ஆவணத்தில் அந்தப் பிரிவு உள்ளதா என்பதைப் புதுப்பிக்கும் வேளையில் பாருங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள், ஒன்றிய அரசின் டெலி-மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நாட்டின் எந்த மாநிலத்தில் வசித்தாலும் தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லலாம்.